தரையிலிருந்து ஒரு முழம்

786
சென்னப்பட்டணம், பெரியமேடு
19 ஆகஸ்டு 1927

பிரியமுள்ள அக்தரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

இதே உறையில் அப்பாஜானுக்கும் அம்மிஜானுக்கும் உருதுவில் ஒரு கடிதம் இருக்கிறது. இது உனக்கு மட்டும். நம் வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரிந்தது நம் இரண்டு பேருக்குத்தான். உன்னைத் திருப்பத்தூரில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய உன் அப்பா நன்றாக இருக்கட்டும். கல்யாணமாகி இத்தனை மாதமாகியும் நாம் பேசிக்கொண்டது ரொம்பக் கம்மி. அத்தனை பேர் நடமாடும் வீட்டில் என்னத்தைப் பேசுவது? காகிதத்திலாவது பேசுவோம்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் பழைய பங்களா, மாடியில் ஆபீஸ். வில்மாட் துரை என்ற ஆர்க்கிடெக்ட் நடத்துகிறார். பாங்கோ, பள்ளிக்கூடமோ, பெரிய மனிதர்களின் வீடோ, எதைக் கட்டுவதென்றாலும் முதலில் இங்கே காகிதத்தில் கட்டுகிறார்கள். தலைமை டிராப்ட்ஸ்மேன் ராமமூர்த்தி சார் என் சர்ட்டிபிகேட்டைப் பார்க்கவே இல்லை. "கையக் காட்டு" என்றார். உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேர்க்குமா?" என்று கேட்டார்.

"பட்டணத்துல யாருக்கு சார் வேர்க்காது?" என்றேன். பக்கத்து மேஜைக் கோதண்டராமன் சிரித்துவிட்டான். சார் சிரிக்கவில்லை.

அப்பாஜான் பக்ரீத் வரை எனக்குக் கெடு கொடுத்திருப்பது உனக்குத் தெரியும். அதற்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் நான் திரும்பி வந்து தோல் மண்டியில் உட்கார வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அவருக்கு ஒரே ஆண் பிள்ளை. ஆனாலும் துஆ செய்யும்போது என் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துச் செய்.

முக்தார் அகமது


ஆம்பூர்
10 செப்டம்பர் 1927

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரர் அவர்களுக்கு அக்தரி பேகம் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே மாமா, மாமி, ஷஹீன் எல்லாரும் சுகம். மாமிக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நீங்கள் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா?

உருதுக் கடிதத்தை மாமி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். தமிழ்க் கடிதத்தைப் பார்த்து, "இது இன்னா?" என்றார். "எனக்கு" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் நான் அடுப்படிக்குப் போன பிறகு ஷஹீனிடம், "உங்க அண்ணன் தமிழ்ல ஜாஸ்தி எழுதறான்" என்று சொன்னாராம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். வீடு வரைகிறார் என்றேன். பக்கத்து வீட்டு அக்பரி காலா, "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாரா?" என்று கேட்டார். மாமா மண்டியில், "பையன் பட்டணத்துல கோடு போடுறான்" என்று சொல்கிறாராம். நிஜமாகவே நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்? தெரிந்தால் நானாவது சரியாகச் சொல்வேன்.

பேசுவோம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. நீங்களே தொடங்குங்கள்.

அக்தரி பேகம்


சென்னப்பட்டணம்
9 அக்டோபர் 1927

பிரியமுள்ள அக்தரிக்கு ஸலாம். இங்கே நான் சௌக்கியம். அம்மிஜானின் முழங்காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒன்றும் அனுப்பவில்லையே என்று நினைக்காதே. உனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அதையும் எழுது.

என் வேலை என்ன என்று கேட்டாய். அக்பரி காலாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

துரை ஒரு தாளில் பென்சிலால் வீட்டை வரைவார். அதன்மேல் ஒரு மெல்லிய துணியை விரிப்போம். கஞ்சி போட்டு வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் துணி. அடியில் இருக்கிற கோடெல்லாம் தெரியும். சுண்ணத்தூளைத் தூவித் தேய்த்தால்தான் அதில் மை பிடிக்கும். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாக மையில் இழுக்க வேண்டும். வேர்வைச் சொட்டு விழுந்தால் துணி வெளுத்துச் சுருங்கிவிடும், செய்த வேலை அவ்வளவும் பாழ். அதற்குத்தான் சார் என் கையைத் தடவிப் பார்த்தார். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டை, நெற்றியில் ஒரு துண்டு, இதுதான் எங்கள் கோலம். விசிறி கூடாது, தாள் பறக்கும்.

துணியில் முடித்ததை மருந்து தடவிய காகிதத்தின்மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி, மொட்டைமாடி வெயிலில் காட்டுவோம். பிறகு தொட்டித் தண்ணீரில் அலசினால் காகிதமெல்லாம் நீலமாகி, கோடுகள் வெள்ளையாக எழுந்து வரும். முதல் தடவை பார்த்தபோது நான் கத்தியே விட்டேன். கோதண்டராமன் இப்போதும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறான். நல்ல தோஸ்த் அவன்.

இப்போது ஒரு சேதி. நம்மூர் தோல்ஷாப்பு முதலாளி அப்துல் ஹமீத் சாயபு ரயில் பாதைக்கு அந்தண்டை பெரிய வீடு கட்டப்போகிறார். எங்களிடம் வந்திருக்கிறார். முகப்பில் தூண் தூணாக வேண்டுமாம். துரை வரைந்ததைத் துணியில் எடுப்பது என் வேலை. எடுக்கும்போதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முன்பக்கம் ராஜ பங்களா. பின்பக்கம் "ஜெனானா" என்று எழுதி ஒரே ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் பெட்டி மாதிரி அறைகள். நம் வீட்டுப் பெண்கள் அதில் எப்படி இருப்பார்கள் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நம் வீட்டில் இருந்தும் பின்கட்டில் என்ன நடக்கிறதென்று நான் பார்த்ததில்லை.

நீ சொல். காலையிலிருந்து மாலை வரை ஒரு பெண் பிள்ளை வீட்டுக்குள் எங்கே போகிறாள், எங்கே நிற்கிறாள், எது பேஜார்?

முக்தார் அகமது


ஆம்பூர்
2 நவம்பர் 1927

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஸலாம். தைலம் வந்தது. மாமி தடவிக்கொண்டு, வலி குறையவில்லை, மணம் நன்றாக இருக்கிறது என்றார். எல்லாரும் நலம். உங்கள் நலத்துக்கு எழுதுங்கள்.

இதுவரை என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதனால் கடிதம் நீளமாக இருந்தால் கோபிக்கக் கூடாது.

பெரிய பேஜார் தண்ணீர். நம் வீட்டில் கிணற்றுக்குப் போகிற வழி முன்கூடத்து வாசலைத் தாண்டித்தான் போகிறது. பெரியமேட்டிலிருந்து யாராவது வியாபாரி வந்து உட்கார்ந்துவிட்டால், அவர் டீயைக் குடித்து, தோல் விலை பேசி, ஊர்க்கதை எல்லாம் முடிக்கும் வரை நாங்கள் குடத்தை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒரு நாள் அடுப்பில் குழம்பு வற்றிக் கருகிவிட்டது. மாமா சாப்பிடும்போது, "இன்னா இது, கரி வாசனை?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது காற்று. மாலையில் பாலாற்றுப் பக்கமிருந்து தோல்ஷாப்பு நாற்றத்தைக் கொண்டுவருகிறது. படுக்கிற அறையின் ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் திறக்கவே முடியாது. சாயபுவின் புது வீட்டில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

துணி காயப்போட மதில் உயரமான ஒரு மாடி வேண்டும். மாடிக்குப் பெண்கள் ஏறத் தனிப் படி இருந்தால் நல்லது.

இன்னொன்று. மீலாது ஓதுவதற்கு ஹமீத் சாயபு வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டம்மாவிடம், புது வீட்டில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று சும்மா கேட்டேன். அவர், "தூணெல்லாம் அவருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு. சமையல்கட்டுல நின்னுக்கினே வாசல்ல யார் வராங்கன்னு நான் பார்க்கணும். அவங்க என்னைப் பார்க்கக் கூடாது" என்றார். நீங்கள் வரைகிற நக்ஷாவில் இதைப் போட முடியுமா?

எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டீர்கள். முன்பெல்லாம் பால்கோவா. இப்போது புளிப்புதான் பிடிக்கிறது. மாமி தினமும் மாங்காய் ஊறுகாய் எடுத்து வைக்கிறார். வேறு ஒரு சங்கதியும் உண்டு. ஐந்தாம் மாதம் தாண்டும் வரை அதை வெளியே சொல்லக் கூடாது என்பது மாமியின் சட்டம். ரம்ஜானுக்கு நீங்கள் வரும்போது தெரிந்துகொள்வீர்கள்.

அக்தரி


சென்னப்பட்டணம்
12 டிசம்பர் 1927

பிரியமுள்ள அக்தரிக்கு ஸலாம். மழை கொட்டுகிறது. பெரியமேட்டில் தெருவெல்லாம் ஆறு. நான் சுகம். நீ ஊறுகாய் தின்று தொண்டையைக் கட்டிக்கொள்ளாதே, குளிர்காலம். அப்புறம் அது என்ன சங்கதி, ஐந்தாம் மாதம்? ஷஹீனுக்கு எங்காவது வரன் பேசுகிறார்களா? அவளுக்கு இன்னும் பொம்மை விளையாடுகிற வயசு என்று அம்மிஜானிடம் சொல்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். கிணற்றுக்கு இரண்டாவது நடை ஒன்று விட்டு நானே ஒரு தாளில் வரைந்தேன். படுக்கிற அறைகளை ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினேன். சமையல்கட்டிலிருந்து வாசலைப் பார்க்க, சுவரில் சாய்வாக ஒரு மரச்சல்லடை போட்டேன். ராமமூர்த்தி சார் பார்த்துவிட்டார்.

"யார் சொல்லி வரைஞ்சே?"

"நானேதான் சார்."

"கட்சிக்காரர் தூண் கேக்கறார், நீ சந்து குடுக்கறே. டிரேசர்னா டிரேஸ் பண்ணணும்."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பார்த்தால் அந்தத் தாள் துரையின் மேஜையில் இருக்கிறது. கொண்டுபோய் வைத்தவர் அவரேதான்! துரை கூப்பிட்டு, சல்லடையைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். பின்கட்டு முழுவதையும் நீயே வரை என்று புதுத் தாள் கொடுத்துவிட்டார். மாடிக்குத் தனிப் படி மட்டும் வேண்டாம் என்றார், செலவு ஜாஸ்தியாகும்.

எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கிறது. வெயில் இல்லாததால் நீலப் பிரதி எடுக்க முடியாமல் எல்லாரும் சும்மா இருக்கிறார்கள், நான் மட்டும் வரைந்துகொண்டே இருக்கிறேன். பிள்ளை பெறுகிற அறையை, உடம்புக்கு முடியாதவர் படுக்கிற அறையை எங்கே வைப்பது? சீக்கிரம் எழுது.

முக்தார்


ஆம்பூர்
9 பிப்ரவரி 1928

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஸலாம்.

உங்கள் கடிதமும் அதற்குப் பின் போட்ட இரண்டு தபால் அட்டைகளும் வந்தன. பதில் எழுதாததற்கு வருத்தப்பட வேண்டாம். கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன். மாமியும் மாமாவும் நலம். ஷஹீனுக்கு வரன் ஒன்றும் பேசவில்லை.

உடம்புக்கு முடியாதவர் படுக்கிற அறையைக் கேட்டிருந்தீர்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். அந்த அறைக்கு ஒரு ஜன்னல் தாழ்வாக வைக்க முடியுமா? தரையிலிருந்து ஒரு முழம். பாயில் படுத்திருப்பவருக்கு வெளியே தெரிகிற மாதிரி.

வேறு விசேஷம் இல்லை.

அக்தரி


சென்னப்பட்டணம்
8 மார்ச் 1928

பிரியமுள்ள அக்தரிக்கு ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? உடம்பு சரியில்லாமல் இருந்தவள், முடியாவிட்டால் விட்டுவிட்டுப் பிறகு பிடித்துக்கொள். என்ன உடம்புக்கு என்று நீ எழுதவில்லை. அப்பாஜானும் எல்லாரும் சுகம் என்றுதான் எழுதுகிறார்.

இங்கே நோன்போடு கோடு இழுப்பது கஷ்டம். பிற்பகலில் கோடு கோணிவிடுகிறது. சாரே பார்த்துவிட்டு, நோன்பு முடியும் வரை மைவேலையைக் காலையில் மட்டும் செய் என்று சொல்லிவிட்டார்.

உன் ஜன்னலைப் போட்டேன். பெரிய கலாட்டா ஆகிவிட்டது! சார், "ஜன்னல் கட்டை மூணடிக்குக் கீழே எந்த வீட்லப்பா இருக்கு? திருடனுக்கு வாசல் வெச்சுக் குடுக்கறியா?" என்று சிரித்தார். கோதண்டராமன் என்னைத் திருடன் தோஸ்த் என்று கூப்பிடுகிறான். துரையும் ஏன் என்று கேட்டார். இப்போதைக்கு அழித்துவிட்டேன். ஒரு வரி காரணம் எழுது, மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.

பெருநாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வர முடியாது போலிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் துரையே ஆம்பூர் வந்து ஹமீத் சாயபுவிடம் நக்ஷாவைக் காட்டப்போகிறார், என்னையும் கூட்டிவருகிறார். அதற்குள் எல்லாத் தாளும் முடிய வேண்டும். இது நன்றாக முடிந்தால் வேலை நிரந்தரம். கோபித்துக்கொள்ளாதே.

முக்தார்


ஆம்பூர்
27 மார்ச் 1928

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. உங்களுக்கு எடுத்த சட்டைத் துணியை மாமி பெட்டியில் வைத்திருக்கிறார்.

ஒரு வரி காரணம் கேட்டீர்கள். ஒரு வரியில் முடியவில்லை.

நமக்கு ஒரு குழந்தை வருவதாக இருந்தது. நவம்பரில் நான் எழுதிய சங்கதி அதுதான். டிசம்பர் கடைசியில், உங்கள் கடிதம் வந்து சில நாளில், அது இல்லாமல் போய்விட்டது. ஏன் என்று மருத்துவச்சிக்கும் தெரியவில்லை. வழுக்கி விழவில்லை, பாரம் தூக்கவில்லை. எல்லாரும் என்னைக் கேட்டார்கள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

பின்கட்டில் உப்பு மூட்டை வைக்கிற அறையைக் காலி செய்து என்னைப் படுக்க வைத்தார்கள். அதன் ஜன்னல் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படுத்தால் ஒரு துண்டு வெளிச்சம் எதிர்ச்சுவரில் விழுவதுதான் தெரியும். அது மெதுவாக நகர்ந்து மறைந்துபோகும். வெளியே ஷஹீன் கோழியை விரட்டுகிற சத்தம், கிணற்று ராட்டினம், தெருவில் தயிர்க்காரி. எல்லாம் கேட்கும், ஒன்றும் தெரியாது. உலகம் என்னை வைத்துவிட்டுப் போய்விட்ட மாதிரி இருந்தது. முற்றத்து மாதுளையின் அடிமரத்தையாவது பார்க்க முடிந்தால் எழுந்துவிடுவேன் என்று தோன்றிற்று.

மாமி என்னை விட்டு நகரவில்லை. அந்தக் கால் வலியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி ரெண்டு போச்சு எனக்கு. இதே சுவத்தைத்தான் பார்த்துக்கினு கெடந்தேன்" என்றார். அதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

மாமா உங்களுக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினார். நான்தான் மாமியைக் கொண்டு தடுத்தேன். தந்தி வந்தால் நீங்கள் ஓடி வருவீர்கள். வந்தால் மாமா திரும்ப அனுப்ப மாட்டார். உங்களுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதை நான் ஒடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். கடிதத்திலும் மறைத்தேன். நீங்கள் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான், மறைத்தது தப்போ என்று இருக்கிறது.

ஜன்னல் தெருப்பக்கம் வேண்டாம். உள்முற்றத்துப் பக்கம் வைத்தால் திருடன் வர மாட்டான் என்று உங்கள் சாரிடம் சொல்லுங்கள்.

அக்தரி


சென்னப்பட்டணம்
1 ஏப்ரல் 1928

என் அக்தரிக்கு,

உன் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? நிஜத்தை எழுது. இல்லை, எழுத வேண்டாம். நான் வருகிறேன்.

கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பாதியில் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அங்கே தொட்டியில் பிரதிகள் ஊறிக்கொண்டிருந்தன, நான்தான் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. கோதண்டராமன் தேடிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்த்தான். சட்டைக்கையை மடித்துவிட்டு எல்லாத் தாளையும் அவனே எடுத்துக் காயப்போட்டான்.

புளிப்புத் தின்னாதே என்று எழுதினேனே. ஷஹீனுக்கு வரனா என்று கேட்டேனே. ஒரு வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றெல்லாம் வரையத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே வந்து, அழித்த ஜன்னலைத் திரும்ப வரைந்தேன், முற்றத்துப் பக்கம். துரை வந்து நின்று, மறுபடியுமா என்று கேட்டார். "என் மனைவி அப்படி ஓர் அறையில் கிடந்தாள் சார். அவள் கேட்கிறாள்" என்றேன். அவர் தாளின்மேல் குனிந்தார். பிறகு பென்சிலை வாங்கி, கட்டை உயரத்தை அவர் கையாலேயே எழுதினார். கட்சிக்காரர் ஒப்புக்கொண்டால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராமமூர்த்தி சார் என் மேஜைக்கு வந்தார். "வெள்ளிக்கிழமை குட் ஃப்ரைடே, ஆபீஸ் மூடல். சனிக்கிழமைக்கு லீவ் எழுதிக் குடு. ஊருக்குப் போய்ட்டு வா. உன் ஷீட்டை நான் முடிக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பெங்களூர் வண்டியில் வருகிறேன். அப்பாஜான் திரும்ப அனுப்ப மாட்டார் என்று பயப்படாதே. அதை நான் பேசிக்கொள்கிறேன்.

முக்தார்


ஆம்பூர்
2 மே 1928

என் வீட்டுக்காரர் அவர்களுக்கு ஸலாம். நலமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே எல்லாரும் சுகம், நானும்தான். மாமி என்னை வேலூருக்குக் கூட்டிப்போய் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினார். ஒரு குறையும் இல்லை, ரத்தம்தான் கம்மி, கீரையும் ஈரலும் சாப்பிடு என்று சொன்னார். மாமி வழியெல்லாம், "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் எப்போது சொன்னார் என்று தெரியவில்லை.

பெரிய வெள்ளி லீவில் நீங்கள் வந்து இருந்ததைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் குறைந்துபோகும்.

ஆனால் போன வாரம் ஹமீத் சாயபு வீட்டில் நடந்ததை எழுத வேண்டும். நீங்களும் மாமாவும் ஆண்கள் பக்கம் இருந்தீர்கள். திரைக்கு இந்தண்டை நடந்தது உங்களுக்குத் தெரியாது. வீட்டம்மா என்னையும் மாமியையும் ஷஹீனையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

சாயபு, "இன்னா தம்பி, தூண் கேட்டா தரையோட தரையா ஜன்னல் குடுக்கிறியே?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. நீங்கள், "அது உள்ள இருக்கறவங்களுக்குங்க. அவங்களையே கேட்டுடுங்களேன்" என்றீர்கள். அப்புறம்தான் அந்தப் பெரிய நீலத் தாள் திரைக்கு இந்தப் பக்கம் வந்தது.

வீட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாம் கோடா இருக்குதே" என்றார். நான் அவர் விரலைப் பிடித்து வெள்ளைக் கோட்டின்மேல் வைத்தேன். "இது நீங்க. இப்போ சமையல்கட்டுல நிக்கறீங்க. வாசல்ல யாரோ வராங்க, இந்தச் சல்லடையில பாக்கறீங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரலை நகர்த்தினேன். கிணற்றுக்குப் போனோம், யாரையும் தாண்டாமல். பின் அறைக்கு வந்தோம்.

"இந்த ஜன்னல் இன்னாத்துக்கு இவ்ளோ கீழே?"

"படுத்திருக்கறவங்களுக்கு" என்றேன்.

அவர் விரலை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார். மாமி என்னைப் பார்த்தார், நான் மாமியைப் பார்த்தேன். பிறகு வீட்டம்மா ஷஹீனைக் கூப்பிட்டு, "போய் சாயபுகிட்ட சொல்லு. தூண் வேணா ரெண்டு கொறையட்டும். இந்த ஜன்னல் இருக்கணும். பக்கத்து அறைக்கும் ஒண்ணு வெக்கச் சொல்லு" என்றார். அந்தப் பக்கம் சாயபு, "அப்போ தீர்ந்துதுப்பா" என்று சிரித்தது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் துரையோடு ரயிலுக்குப் போன பிறகு மாமா வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவுகிறபோது, "அந்த தொரை நம்ம பையனை மிஸ்டர் அகமதுன்னு கூப்ட்டார், கேட்டியா?" என்று மாமியிடம் கேட்டார். மாமி, "எனக்கு எங்கே கேக்கும்? திரைக்குப் பின்னாடி இருந்தேன்" என்றார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "பக்ரீத்துக்குத் தோல் வந்து குவியும், ஆள் வேணுமே" என்றார். மாமி ஒரே போடாகப் போட்டார்: "அவனைக் கொண்டாந்து மண்டியில உக்கார வெச்சா, தோலு மேலயே கோடு போட்டுக்கினு இருப்பான். வேற ஆளைப் பாருங்க."

மாமா சிரித்தார். நான் இந்த வீட்டுக்கு வந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அக்தரி


சென்னப்பட்டணம்
14 மே 1928

என் அக்தரிக்கு ஸலாம். கீரை சாப்பிடுகிறாயா? ஈரலை ஷஹீன் தட்டுக்குத் தள்ளுகிறாய் என்று அவளே உருதுவில் எழுதியிருக்கிறாள், ஏமாற்றாதே.

வேலை நிரந்தரமாகிவிட்டது. இன்று காலை துரை கூப்பிட்டுச் சொன்னார். ஹமீத் சாயபு வீட்டுத் தாளின் மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் என் இனிஷியல் இரண்டு எழுத்துப் போட அனுமதி கொடுத்தார். ராமமூர்த்தி சார், "பொடியா எழுது. துரை பேரை விடப் பெரிசாப் போட்டுடாதே" என்றார். வீட்டில் நிரந்தரத்தைச் சொல். எழுத்தைப் பற்றி நீ மட்டும் வைத்துக்கொள்.

அம்மிஜான் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். "உன் வீட்டுக்காரியை இனி அங்கே கூட்டிக்கொள், இங்கே அவளுக்குக் காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை" என்று எழுதியிருக்கிறார். உன்னிடம் கேட்டுத்தான் எழுதினாரா? உனக்குச் சம்மதமா?

திருவல்லிக்கேணியில் ஒரு போர்ஷன் பார்த்திருக்கிறேன். மசூதிக்குப் பக்கத்துத் தெரு. மாலையில் கடல் காற்று வருகிறது, தோல் வாசனை கிடையாது. இரண்டு அறை, ஒரு சின்ன அறை, பின்னால் குழாய்த் தண்ணீர். வீட்டுக்கார அம்மாள் சாது. ஆபீஸில் மிஞ்சிய துணித்துண்டில் அதன் நக்ஷாவை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். அறைகளுக்குப் பெயர் எழுதவில்லை. எது எதற்கு என்பது உன் இஷ்டம். எழுதி அனுப்பு.

உன் முக்தார்


ஆம்பூர்
6 ஜூன் 1928

என்னுடையவருக்கு ஸலாம்.

பக்ரீத் முடிந்துவிட்டது. மண்டியில் தோல் மலை மாதிரி குவிந்திருக்கிறது. மாமா உங்கள் அத்தை மகன் அமீர் பாஷாவைக் கூட வைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் திட்டுகிறார், மாலையில் பரவாயில்லை என்கிறார். மாமிக்கு முழங்கால் அப்படியே. நான் ஈரல் சாப்பிடுகிறேன், நீங்கள் வந்து ஷஹீனை இரண்டு போடுங்கள்.

மாமி என்னைக் கேட்காமல்தான் எழுதினார். எனக்குச் சம்மதம்.

அடுத்த வாரம் சரக்கோடு மாமா பட்டணம் வருகிறார், அவரே என்னைக் கொண்டுவந்து விடுகிறார். வியாழக்கிழமை காலை வண்டி. உங்கள் ஆபீஸைப் பார்க்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், "சும்மாதான், என் பையன் உக்கார்ற எடத்த நான் பாக்கக் கூடாதா?" என்கிறார். நேற்று புதுத் தலைப்பாகை வாங்கியிருக்கிறார்.

மாமி மூன்று நாளாக என்னோடு சண்டை. பெட்டியில் எதை வைத்தாலும் குறை. சட்டியைத் துணியில் சுற்றினால் ஏன் சுற்றினாய், சுற்றாவிட்டால் ஏன் சுற்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷஹீன் காதில் வந்து, "பாபி, அம்மி சண்டை போடலை. அழறாங்க, அவங்களுக்கு அப்படித்தான் வரும்" என்றாள். அப்புறம் நானும் கொஞ்சம் திருப்பிச் சண்டை போட்டேன். இரண்டு பேருக்கும் நன்றாக இருந்தது.

உங்கள் நக்ஷாவைப் பார்த்தேன். குழாய்ப் பக்கத்து அறை சமையல். புகை போக வழி காட்டவில்லை, பாருங்கள். தெருப்பக்க அறையில் நீங்கள் மேஜை போட்டுக்கொள்ளலாம். மாமாவும் மாமியும் வரும்போது அவர்களுக்கு அங்கேயே படுக்கை. கடல் காற்று நமக்கு எந்த வழியாக வரும் என்று அம்புக்குறி போடாமல் விட்டிருக்கிறீர்கள், வந்து கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

பெயர்களை நானே மையில் எழுதிவிட்டேன். கை வேர்த்து ஓரிடத்தில் துணி வெளுத்துவிட்டது, மன்னியுங்கள். சின்ன அறைக்கு மட்டும் எழுதவில்லை. மறந்து விடவில்லை. அது என்னவாகப் போகிறதென்று ஆண்டவனுக்குத்தான் தெரியும், அதற்குள் உப்பு மூட்டையோ பழைய பெட்டியோ கொண்டுபோய் அடைத்துவிடாதீர்கள். காலியாக இருக்கட்டும். நான் வந்து தினமும் பெருக்கி வைப்பேன்.

மற்றதெல்லாம் வியாழக்கிழமை பேசுகிறேன். நிறைய இருக்கிறது.

உங்கள் அக்தரி